இரண்டு பேட்டரியும் ஒரு நாத்தனாரும்

ஆகஸ்ட் 11, திங்கள்

வரலாற்றில் இடம்பெற வேண்டிய தீர்மானம் ஒன்று இன்று எங்கள் வீட்டில், ரசம் பரிமாறப்படும் வேளையில், ஒருமனதாக நிறைவேறியது: வயர் இல்லாத டிரில்லுக்குப் பதினெட்டு வோல்ட் பேட்டரிதான் வாங்குவது. பன்னிரண்டு வோல்ட் போதும் என்ற தரப்பு வாக்கெடுப்புக்கு முன்பே கை கழுவப் போய்விட்டது. அந்தத் தரப்பு என் கணவர் நவநீதன்.

நானும் அவர் தங்கை மீனாட்சியும் வில்லியனூரைச் சுற்றி வீடுகளுக்குக் கொசுவலையும் திரைக்கம்பியும் மாட்டித் தருகிறோம். கரிக்கலாம்பாக்கத்தில் நெல் விளைந்த இடத்தில் மனை வியாபாரி சாமிநாதன் ஒரு தெரு முழுக்க வீடு கட்டியிருக்கிறார். முதல் வீட்டுக்கு 29-ஆம் தேதி கிரகப்பிரவேசம். அதற்குள் அந்த வீட்டை முடித்துக் கொடுத்தால் தெரு முழுவதும் எங்களுக்கு. இல்லாவிட்டால் ஜெனரேட்டர் வைத்திருக்கும் வேறொருவருக்கு. தெருவுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை.

தெரு கிடைத்தால் மீனாட்சி தனியாக ஒரு வீடு எடுத்துக்கொள்வாள். புருஷனை விட்டு வந்ததிலிருந்து அண்ணன் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டிருக்கிறாள். தீர்மானத்தில் இதை யாரும் சேர்க்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 13

பேட்டரி பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொரு கம்பெனியின் டிரில்லில் உட்காராது. முதல் பேட்டரி எந்தக் குடும்பமோ, பிறகு வாங்கும் கட்டரும் அந்தக் குடும்பத்தில்தான் எடுக்க வேண்டும். எம்.ஏ. வரலாற்றில் இந்த ஏற்பாட்டைப் பற்றி ஒரு தாள் முழுக்க எழுதியிருக்கிறேன். அங்கே பேட்டரி என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாள். நாங்களும் இன்றுதான் ஒரு கம்பெனியோடு சட்டப்படி சேர்ந்தோம்.

நான் கேட்டது நாலு ஆம்பியர் பேட்டரி ஒன்று. மீனாட்சி கேட்டது இரண்டு ஆம்பியரில் இரண்டு. கடைக்காரர் என் கட்சி.

"பெருசா ஒண்ணு வாங்கிக்கம்மா. மாத்துற வேலையே கெடையாது."

"ஒண்ணா வாங்குனா எங்கண்ணன் எடுத்துக்கினு போயிடும். ரெண்டா இருந்தா ஒண்ணாவது வூட்ல கெடக்கும்" என்றாள் மீனாட்சி.

இத்தனை நாள் நான் படித்த கட்டுரைகளில் ஒன்றுகூட அண்ணன் என்ற காரணியைக் கணக்கில் எடுக்கவில்லை. பிறகு பெரிய பேட்டரி மாட்டிய டிரில்லை என் கையில் கொடுத்து, தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். "ஏணி மேல நிக்கிறதா நெனச்சுக்கங்க அண்ணி." நினைத்துக்கொண்டேன். கட்சி மாறினேன்.

வீட்டில் என் மாமியார் விருத்தாம்பாள் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "சனிக்கெழமையில இரும்பு வாங்குவாங்களா?"

"இது லித்தியம்மா" என்றாள் மீனாட்சி.

"அதுக்கு எந்தக் கெழம?"



ஆகஸ்ட் 17, ஞாயிறு

சனிக்கிழமைக்குப் பரிகாரமாக இன்று பூசை. டிரில்லுக்குப் பொட்டு வைப்பதில் சிக்கல் இல்லை. பேட்டரிக்கு முகம் எது என்பதில் விவாதம். எழுத்து இருக்கும் பக்கம் என்றேன் நான். "வாய் எங்க இருக்கோ அதாண்டி மொகம்" என்றார் அத்தை. டிரில்லில் செருகும் பிளவுகள் உள்ள பக்கத்தில் தாராளமாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். சந்தனக் கிண்ணத்தைப் பிடித்தது நான். மீனாட்சி கற்பூரம் காட்டினாள்.

ஆகஸ்ட் 24

முதல் முறையாகச் சார்ஜ் போட்டிருக்கிறோம். சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிகிறது. வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

முதல் ஜன்னல். மீனாட்சி ஏணி மேல். டிரில் ஒரு சுற்று சுற்றிவிட்டு நின்றது. அடுத்த பேட்டரி — அதுவும் அப்படியே. சாமிநாதன் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, அவ்ளோதானா? ஜெனரேட்டர்காரன வரச் சொல்லவா?"

போச்சு, எல்லாம் போச்சு, எதுக்கு நமக்கு இந்த வேலை — அவள் கூடத்திலேயே கிடக்கட்டும் என்று எழுதியிருக்கிறதோ?

மீனாட்சி இறங்கினாள். பேட்டரியைத் திருப்பிப் பார்த்தாள். பிளவுகளுக்குள் சந்தனம் காய்ந்து சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. நான் கொண்டை ஊசியை உருவி நீட்டினேன். கையைத் தட்டிவிட்டாள். "அது இரும்பு அண்ணி. உள்ள வுட்டா புகை வரும்."

மூலையில் கிடந்த துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவினாள். உட்கார்ந்து ஒவ்வொரு பிளவாகச் சுரண்டினாள், ஊதினாள், முந்தானையால் துடைத்தாள். சாமிநாதன் போனை எடுத்தபோது நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க சார். அப்புறம் யாரை வேணா கூப்புடுங்க" என்றாள். அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

நேற்று ஏறாத சார்ஜ்? தெருமுனையில் பிள்ளையார் சதுர்த்திக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மைக் செட்டுக்கு ஊருக்குள்ளிருந்து கரண்ட் இழுத்திருந்தது. அங்கே போய், "அண்ணே, ஒரு பிளக் பாயிண்ட்" என்றாள். "புள்ளையார் கோச்சுக்குவாரு" என்றார் மைக் செட்காரர். "அவருக்கும் கொசு கடிக்குமில்ல, வலை போட்டுத் தர்றேன்" என்றாள். சார்ஜரைச் செருகினாள்; இந்த முறை எரிந்தது பச்சை விளக்கு.

அதன் பிறகு ஒன்று பந்தலில், ஒன்று டிரில்லில். நான் தெருவில் போக வர ஓடிக்கொண்டிருந்தேன். நாலு ஆம்பியர் ஒன்றாக இருந்திருந்தால் அது பந்தலில் இருக்கும்போது நாங்கள் பஜனைதான் பாடியிருக்க வேண்டும்.

நாத்தனாரைப் பாராட்டி எழுதிய நாட்குறிப்பு எனக்குத் தெரிந்து தமிழில் இல்லை. இருந்தால் வீட்டார் கொளுத்தியிருப்பார்கள். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்: மீனாட்சியைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 27

சதுர்த்தி. பந்தலில் பிள்ளையார், சுண்டல், பேட்டரி.

ஆகஸ்ட் 28, வியாழன்

முடிந்தது. சாமிநாதன் ஒவ்வொரு வலையையும் இழுத்துப் பார்த்தார். கடைசி ஜன்னலில் கையை எடுத்துவிட்டு, "அடுத்த வூட்டுச் சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கு" என்றார். அவர் பாராட்டும் விதம் அது என்று தெரிந்துகொள்ள எங்களுக்குச் சற்று நேரம் பிடித்தது. மீனாட்சி ஏணியை மடக்கினாள். வண்டியில் வரும்போது, "ஜன்னல் பெருசா இருக்கற வூடா பாக்கணும் அண்ணி" என்றாள்.

அக்டோபர் 5

தெருவில் பாதி தாண்டிவிட்டோம். நவநீதன் அலமாரி மாட்ட ஒரு பேட்டரியை எடுத்துப் போயிருந்தார். வேலை நிற்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

மீனாட்சி இன்று கரிக்கலாம்பாக்கத்தில் வாடகை வீட்டில் பால் காய்ச்சினாள். ஒரு பேட்டரியை அவள் எடுத்துக்கொண்டாள். ஒன்று இங்கே இருக்கிறது. சார்ஜர் ஒன்றுதான். அது அவள் வீட்டில் இருக்கிறது.