உப்பு இறுக்கிய ஸ்டியரிங்

முந்தாநாள் கோடை மழை பிடித்துக்கொண்டது. உப்பு அம்பாரங்களை ஓலை போட்டு மூடிவிட்டு, நம் தெருப் பெண்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு உப்பளத்திலிருந்து திரும்பினேன். நம் பழைய பிக்கப்தான். பாலத்துக்கு முன்னால் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். கை திரும்பியது, வண்டி திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சுற்றிய பிறகுதான் அசைந்தது. எதிரே ஒரு பஸ். பிரேக்கை மிதித்து அதைப் போகவிட்டேன். பின்னால் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது, பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

ஊர்ந்து ஊர்ந்து வீடு சேர்ந்ததும் முதலில் உங்கள் மேல்தான் கோபம் வந்தது. வண்டியை என் தலையில் கட்டிவிட்டு இப்படிப் போய்ச் சேர்ந்தால் நான் யாரைக் கேட்பது?

கல்யாணமான புதிதில் உங்களுக்கும் இதே கதைதான். வெயில் நாளில் ஸ்டியரிங்கை ஆட்டிப் பார்த்து, கல்லு மாதிரி இருக்குது என்றீர்கள். ஒரு மழைக்கே லூசாகிவிட்டது. எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்க்காமல் ஸ்டியரிங் பாக்ஸை முறுக்கி இறுக்கினீர்கள். கூனிமேட்டு வளைவில் திருப்பிய ஸ்டியரிங், பாக்ஸ் இறுகிப்போனதால் நேராக வர மறுத்து, வண்டி பள்ளத்து ஓரத்தில் போய் நின்றது. உங்கள் கை நடுங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"உப்பு நம்மள ஏமாத்திடுச்சுடி. சக்கரத்து ஜாயிண்ட்ல போய் இறுகிக்கிட்டு டைட்டா காட்டுது. கரைஞ்சாதான் தேய்மானம் தெரியுது," என்றீர்கள்.

அதற்குப் பிறகு, நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவாமல் நீங்கள் ஸ்டியரிங்கைச் சோதித்ததே இல்லை. நான் மேலே உட்கார்ந்து ஆட்டுவேன், நீங்கள் கீழே படுத்து ஜாயிண்டில் கை வைத்துப் பார்ப்பீர்கள். இந்த வருஷம் குடிக்கவே தண்ணீர் வரவில்லை, வண்டியை எங்கே கழுவுவது? முந்தாநாள் மழைதான் உப்பைக் கரைத்துக் காட்டியது.

நேற்று காலையில் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, நானே கீழே படுத்தேன். பக்கத்து வீட்டுச் செல்வி மேலே உட்கார்ந்து ஆட்டினாள். வண்டியின் பாரம் முழுதும் முகத்துக்கு மேலே. நீங்கள் எப்படித்தான் இதன் கீழே படுத்துக்கொண்டு என்னோடு வம்பு பேசினீர்களோ.

"அக்கா, எனக்கே பயமா இருக்குது. வெளிய வந்துடுங்க," என்றாள் செல்வி.

இடது சக்கரத்து ஜாயிண்டில் கை வைத்ததும் உள்ளே டொக்கென்று இடித்தது. செல்வி ஆட்ட ஆட்ட இடித்தது. மெக்கானிக் வந்து, பாக்ஸை இறுக்கினால் போதும் என்றார். முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன். ஜாயிண்டை மாற்றி, நட்டு கழலாமல் பூட்டும் பின்னை மாட்டியதைக் குனிந்து பார்த்த பிறகுதான் நகர்ந்தேன். அலைன்மெண்ட்டும் பார்த்தாயிற்று.

இன்று காலை பெண்கள் தெருமுனையில் காத்திருந்தார்கள். அவர்களை நிற்கச் சொல்லிவிட்டு, வெறும் வண்டியைப் பாலம்வரை ஓட்டிப் பார்த்தேன். கை திரும்பியதுமே வண்டியும் திரும்பியது. ஆனாலும் நெஞ்சு அடித்துக்கொண்டேதான் இருந்தது.

போகப் போகப் பயம் தெளிந்துவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். தெளிய வேண்டாம். அன்றைக்கு உங்கள் கையில் பார்த்த நடுக்கம் இப்போது என் கையில் இருக்கிறது, இருக்கட்டும். அவர்கள் என்னை நம்பி ஏறுகிறார்கள். நான் நம்பி ஏற நீங்கள் இல்லை.