ஆவுடையத்தை பேசவில்லை

புரட்டாசி 24, காலை 6.20. நிலவு, வடக்குக் கீரைக்கூடம்

…ஆகையால் நீங்கள் யாராக இருந்தாலும் தூசிக் காலோடு உள்ளே வராதீர்கள். நேற்று இந்த நோட்டில் அதைத்தான் எழுத வந்தேன், பாதியில் கண் அசந்துவிட்டது. இந்த நிலவுத் தூசி ஒட்டினால் லேசில் போகாது.

காற்று சரி. தண்ணீர் சரி. எட்டு விளக்கும் எரிகின்றன. என் பெயர் ஆவுடையம்மாள், சங்கரன்கோவில் பக்கம். விளக்கு கீரையை வளர்க்கும், கீரை காற்றைக் கொடுக்கும், கீரையை நான் பார்த்துக்கொள்வேன். வேலை அவ்வளவுதான்.

இப்போது தனியாக இருக்கிறேன். எங்கள் இன்ஜினியர் பெனாசிருக்குக் கால் முறிந்துவிட்டது. தலைவர் அருளானந்தம் சின்னக் கலத்தில் அவளைத் தெற்கு நிலையத்துக்குக் கொண்டுபோனார். அதில் இருவருக்குத்தான் இடம். என்னை ஏற்றப் பெரிய கப்பல் வருகிறது, ஓட்டி வருவது என் அண்ணன் மகன் தளவாய். மேலே சுற்றும்போது ரேடியோவில் கூப்பிடுவான். நான் பதில் சொன்னால் இங்கே இறங்குவான், தெற்கே இருப்பவர்கள் அடுத்த கப்பலுக்குக் காத்திருப்பார்கள். ஒரு தடவை இறங்கி ஏறத்தான் எரிபொருள் இருக்கிறதாம். பதில் வராவிட்டால் தெற்கே இறங்கி அங்கிருப்பவர்களோடு பூமிக்குப் போய்விட வேண்டும் என்று உத்தரவு. எனக்கென்ன, பதில் சொல்லவா தெரியாது?

இன்று ஆயுத பூஜை. கீரைக் கத்தி, கத்தரிக்கோல், ஒரு ஸ்பேனர், எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, கோமதியம்மன் படத்தின் முன்னால் தாம்பாளத்தில் அடுக்கினேன். வெளியே நிற்கிற வண்டிக்கு மாலை போட வழியில்லை. ரேடியோப் பக்கம் இருந்த சாவிக்கொத்தை எடுத்துவந்து வைத்தேன், அதில் வண்டிச் சாவி இருக்கிறது. ஊரில் வண்டிச் சாவி வைக்காமல் யார் பூஜை முடிப்பார்கள்? மேலே மஞ்சள் துணி போட்டு மூடியாயிற்று. நாளை மறுபூஜை செய்து எடுக்க வேண்டும்.

புரட்டாசி 25, காலை 7.05

ரேடியோ போய்விட்டது. போய்விட்டது என்றால், ம்ம்ம் என்று ஒரே உறுமல். உறுமலுக்குள் யாரோ பேசுவதுபோல் இருக்கிறது, ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

ரேடியோவின் சொந்த ஸ்பீக்கர் எப்போதோ செத்துவிட்டது. பெனாசிர் தன் வாப்பாவின் பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கரை, இரண்டு குட்டிப் பெட்டி ஒரு பெரிய பெட்டி, ஊரிலிருந்து கொண்டுவந்து மாட்டியிருந்தாள். காதில் மாட்டுகிற கருவிகள் அவர்களோடு போய்விட்டன.

எதற்கும் இருக்கட்டும் என்று மைக்கை அமுக்கி, நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவைத்தேன். பேச்சு வெளியே போனால் மைக்கில் சிவப்புப் பொட்டு எரியும். எரியவில்லை. பல்பு போயிருக்கும்.

மறுபூஜைக்கு மனம் ஓடவில்லை. குரல் வரட்டும், சுண்டல் வைத்து மறுபூஜை செய்கிறேன், அதுவரை துணியை விலக்கமாட்டேன் என்று அம்மனிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கும் ஒரு பொறுப்பு வேண்டாமா?

புரட்டாசி 26, காலை 9.40

ஸ்பீக்கரின் பெரிய பெட்டியைத் திறந்தேன். கிளம்பும்போது ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே பெனாசிர் சொன்னது நல்லவேளையாக நினைவிருந்தது. "அக்கா, ம்ம்ம்னு கத்துச்சுன்னா உள்ள கெப்பாசிட்டர் போயிருக்கும். மண்டை உப்பியிருக்கிறத கழட்டி மாத்துங்க. உடம்புல கோடு போட்ட பக்கம் மைனஸ், அத மட்டும் மாத்தி வச்சிராதீங்க, வெடிச்சிரும்." வலியிலும் அந்தப் பெண்ணுக்கு என் கவலை. அல்லா அவளைக் காப்பாற்றட்டும்.

உள்ளே விரல் உயரத்தில் உருளை உருளையாக நிற்கின்றன. இரண்டுக்கு மண்டை பூரி மாதிரி உப்பி, அடியில் பழுப்பாகக் கசிந்திருக்கிறது. புதிது இல்லை. அதே எண் போட்டது விளக்குகளின் மின்பெட்டியில்தான் இருக்கிறது, பெட்டிக்கு ஒன்று. ஒன்றைப் பிடுங்கினால் ஒரு விளக்கு அணையும். ஒரு பாத்தி சாகும்.

அரைக்கீரையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மாலை 4.15

முதல் கெப்பாசிட்டரை ஈயம் உருக்கிப் பற்றவைத்தேன். இங்கே கனம் குறைவு, ஈயச் சொட்டு யோசித்து யோசித்து விழுகிறது. மின்சாரம் கொடுத்ததும் டப்பென்று வெடித்து, அறை முழுக்க மீன் கழுவின நாற்றம். கோட்டைப் பார்த்துத்தான் வைத்தேன். பலகையை நான் தலைகீழாகப் பிடித்திருந்திருக்கிறேன்.

எட்டு விளக்கில் ஒன்று வீணாய்ப் போனது. இன்னும் இரண்டு அணைக்க வேண்டும்.

புரட்டாசி 27, காலை 10.30

இரண்டையும் மாற்றிவிட்டேன், குரல் வந்துவிட்டது. தாயே, கோமதி. உறுமல் இல்லை, தெளிவாக, பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிடுவதுபோல.

"அத்த, தளவாய் பேசுதேன். கேக்குதா? மூணு நாளா தெக்க இருந்து உங்களக் கூப்பிட்டுப் பதிலே இல்லையாம். வாய மூடி இருக்க ஆளா நீங்க? ஒரு வார்த்த சொல்லுங்க, இறங்கிருதேன்."

சொன்னேன். ஒரு வார்த்தையா, நூறு வார்த்தை சொன்னேன். என் குரல் முடியுமுன்னே அவன் மறுபடி அதையே கேட்டான். கப்பல் நிலவின் பின்பக்கம் போனது, குரல் நின்றது. சிவப்புப் பொட்டு எரியவே இல்லை. மைக்கிலும் கெப்பாசிட்டர் போயிருக்க வேண்டும்.

பகல் 12.40

மைக்கைப் பிரித்தேன். உள்ளே அரிசி மாதிரி குட்டிக் குட்டியாக இருக்கின்றன. எதற்கும் மண்டை உப்பவில்லை. இருந்தாலும் இரண்டை மாற்றினேன், அதற்காக இன்னும் இரண்டு விளக்கு. பொன்னாங்கண்ணிப் பாத்தியும் இருட்டு. காற்று காட்டுகிற முள் மஞ்சளில் நிற்கிறது.

அவன் திரும்ப வந்தான்.

"அத்த, என்ன மவுன விரதமா? என் கல்யாணத்துல மைக்கப் புடுங்கி அரமணி நேரம் பேசுனவங்க. இப்ப ஒரு உம்முனாச்சும் சொல்லுங்க. மைக்கு கெட்டுப்போச்சுன்னா சும்மா அமுக்கி அமுக்கி விடுங்க, எனக்கு டக் டக்னு கேக்கும்."

அமுக்கினேன். விரல் வலிக்கிற மட்டும் அமுக்கினேன். அவன் சிரிக்க முயற்சி செய்தது ஸ்பீக்கரில் அப்படியே கேட்டது. நல்ல ஸ்பீக்கர். மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது.

கூடம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது, ஜன்னல் கிடையாது. வெளியே போகிற உடைகள் இரண்டும் அவர்களோடு போய்விட்டன. நான் எதைக் காட்டிக் கூப்பிடுவேன்?

பகல் 2.50

"அத்த, இதான் கடைசிச் சுத்து. தெக்க ஆறு பேரு காத்திருக்காங்க. உள்ள இருக்கீங்கன்னு தெரிஞ்சா நான் உத்தரவப் பாக்கமாட்டேன், உங்களுக்கே தெரியும். தெரியலியே, அத்த. நீங்க குடுத்துவிட்ட திருநீற பூசிக்கிட்டுத்தான் பேசுதேன். மன்னிச்சிருங்க."

தளவாய், நான் இருக்கிறேன். இருக்கிறேன் கண்ணு. இருக்கிறேன்.

புரட்டாசி 28, காலை 8.00

கப்பல் தெற்கே இறங்கி ஏறிவிட்டது. பூமிக்குக் கிளம்புகிறோம் என்று அருளானந்தம் சொன்னது இந்த ஸ்பீக்கரில்தான் கேட்டது. பின்னால் பெனாசிர் அழுகிற சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. உறுமல்கூட இல்லை. இந்த ரேடியோ அவ்வளவு தூரம் எட்டாது. நிலவில் கேட்பதற்கு இனி ஆளும் இல்லை.

மூன்று விளக்கு எரிகிறது. தலை வலிக்கிறது. முள் சிவப்பு.

மாலை 5.30

வேண்டுதலை மறக்கக் கூடாது. குரல் வரட்டும் என்று கேட்டேன், வந்தது. அவள் பங்கை அவள் செய்துவிட்டாள். கடைசிப் பிடி கொண்டைக்கடலையை அவித்துச் சுண்டல் வைத்தேன். சூடம் ஏற்றவில்லை, இருக்கிற காற்றை அது வேறு தின்றுவிடும். மஞ்சள் துணியை விலக்கி, ஒவ்வொன்றாக எடுத்த இடத்தில் வைக்கிறேன். கத்தி, அடுப்படியில். கத்தரிக்கோல், பாத்தியில். ஸ்பேனர், பையில்.

சாவிக்கொத்தை ரேடியோப் பக்கம் மாட்ட வந்தேன். ஆணியைத் தேடுகிறேன். இங்கே ஆணி இல்லை.

இருந்ததே இல்லை. கொத்தில் வண்டிச் சாவி மட்டும் இல்லை, சின்னதாக இன்னொன்றும் இருக்கிறது. அதுதான் மைக்குக்குக் கீழே, மைக்கைப் பூட்டித் திறக்கிற துளையில் சொருகியிருந்தது. அன்று காலை இடப்பக்கம் ஒரு திருகு திருகித்தான் நான் இதை உருவினேன்.