வெங்காயத் தோலுக்கு வந்த பழி

மதினி,

இன்று விடியற்காலை வாளியின் மூடியைத் திறந்ததும் நீங்கள்தான் எதிரே வந்து நின்றீர்கள். வெங்காயத் தோலும் பூண்டுத் தோலும் அழுகின பச்சை மிளகாயும் ஒரு வாரம் தண்ணீரில் ஊறிய நாற்றம். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். நான் குனிந்து நன்றாக ஒரு மூச்சு இழுத்தேன்.

ஹட்டனுக்குப் போகும்போதெல்லாம் கடைக்கார நானாவிடம் வெங்காயச் சாக்கு உதறிய தோலைக் கேட்டு வாங்கி வருவீர்களே! "எல்லாரும் வெங்காயத்துக்கு நிக்கிறாங்க, நீங்க ஒருத்திதான் தோலுக்கு நிக்கிறீங்க" என்று அவர் சிரிப்பார். நீங்களும் சிரிப்பீர்கள், ஆனால் பையை விடமாட்டீர்கள். ஊறியதை வடிகட்டி, கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீர் கலந்து, நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருந்த போஞ்சிக் கொடிக்குப் பூச்சி அண்டாமல் கையாலேயே தெளிப்பீர்கள். "புள்ளைங்க பச்சையா பிச்சுத் திங்கிற காய். இதுல வெசம் விழக்கூடாது."

அப்போது அண்ணன் தேயிலைத் தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கும் வேலையில் இருந்தார். உங்களுக்குக் கை வலிக்கிறதே என்று ஒரு சனிக்கிழமை, முதுகில் மாட்டி மருந்தடிக்கிற தோட்டத்து டாங்கியை யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கழுவிவிட்டேன் என்றார். அடியில் களைமருந்து மிச்சம் இருந்திருக்கிறது. நாலைந்து நாளில் கொடியெல்லாம் கருகிப்போனது. "தோல் தண்ணிய ஊத்திப் பயிரையே கொன்னுட்டா" என்று லயமே பேசியது. உண்மை நம் மூவருக்குத்தான் தெரியும். சொல்லிவிடுங்கள் என்று நான் குதித்தேன். "தோலுக்கு வேல போகுமா புள்ள? ஒங்கண்ணனுக்குப் போயிரும்" என்று என் வாயை அடைத்துவிட்டீர்கள்.

நீங்கள் கண்ணை மூடும்வரை அந்தப் பேச்சு ஓயவில்லை. அண்ணனும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அதில் இன்றைக்கும் கோபம்தான் மதினி, மறைக்கமாட்டேன்.

இன்று வாளியைக் கலக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி வந்து கத்தினாள். "ஒங்க மதினி போஞ்சிய கருக்குன தண்ணிதானே இது? கொண்டுபோயி கொட்டுங்க. கடையில நல்ல மருந்து விக்குதுல்ல!"

அண்ணன் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் வேலையிலிருந்து நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது. இனி யாருக்காக நான் பொத்தி வைக்க வேண்டும்?

"தண்ணி கருக்கல. தோட்டத்து டாங்கிதான் கருக்குச்சு. கொண்டாந்தது யாருன்னு அந்தா உக்காந்திருக்கவரக் கேளு" என்று லயம் முழுக்கக் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தார். "நாந்தான்" என்றார். அவள் உள்ளே போய்விட்டாள். வாளி வைத்த இடத்தில்தான் இருக்கிறது, இனியும் இருக்கும்.

தெளித்து முடித்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் கையை விட்டு அந்த வாசம் போகவில்லை. அப்படியே கொழுந்தெடுக்க மலைக்குப் போனேன். கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை மூக்கைச் சுளித்தார்.

"என்னா இது, கையெல்லாம் இப்படி நாறுது?"

"எங்க மதினி குடுத்தது" என்று கையை இன்னும் கொஞ்சம் கிட்டே நீட்டினேன்.