நான் பூட்டிய கதவு

அன்பு மகளே,

நேற்று விருந்தில் மறுபடியும் அதே கதையைச் சொன்னாய். “ஏழு வயசுல சித்தி என்னை ரூம்ல போட்டுப் பூட்டிட்டாங்க!” எல்லோரும் சிரித்தார்கள். உன் கணவர் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருபது வருடமாக இதைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அன்றைக்கு நீ உன் அப்பாவின் கைக்கடிகாரத்தை உடைத்திருந்தாய். அவர் குடித்துவிட்டு, கையில் பெல்ட்டோடு வந்தார்.

“சாவியக் குடுடி!”

“குடுக்க மாட்டேன். குழந்தையத் தொடாதீங்க.”

உனக்கு அப்பா என்றால் உயிர். அதனால்தான் இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் என் இடது கை ஏன் நிமிராது என்று நீ ஒருநாளாவது கேட்டிருக்கலாம்.

உன் சித்தி