மூன்று தார்ன்டன்கள்

செங்கல்பட்டு
5-11-1976

அன்புள்ள மகன் சாலமோனுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் சுகம், மழைக்கு அவர் முழங்கால் வலி மட்டும் கூடியிருக்கிறது. லீட்ஸில் குளிர் தொடங்கிவிட்டதாக எழுதினாயே, உன் நெஞ்சுச் சளி என்ன ஆயிற்று என்று ஒரு வரி எழுதினால் கை தேய்ந்தா போகும்? வேலை முடிந்து வந்து வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ஒரு பிடி அரிசி பொங்க எவ்வளவு நேரம் ஆகும்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆஸ்பத்திரிக்கு வந்த மிஸ் தார்ன்டன் அம்மாள் உன் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்து நீயும் தார்ன்டனா என்று கேட்டதும், கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு அழைத்ததும், அவர்கள் வம்சத்தை எழுதி வரும் நோட்டில் உன்னையும் சேர்க்க ஆதாரம் கேட்பதும் படித்ததிலிருந்து அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. தன் தாத்தா பக்கிங்ஹாம் கால்வாய் வெட்டிய துரைக்குப் பிறந்தவர் என்று ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் சொல்லிச் சொல்லி டீ வாங்கிக் குடித்தவராயிற்றே. அவர் நிறத்தைப் பார்த்து யாரும் வாய்விட்டுச் சிரிக்காதது அவர் மேல் இருந்த மரியாதை. சதுரங்கப்பட்டினம் போய் வெள்ளைக்காரர் கல்லறைகளைத் தடவித் தடவிப் பார்த்தார், எல்லாம் டச்சு எழுத்து. மகாபலிபுரத்தில் கால்வாய்க் கரையில் ஒரு படகுக்காரரைக் கேட்டதற்கு, உப்புப் படகுதான் சார் வந்துகினு இருந்துச்சி, துரைங்க இன்னாத்துக்கு இங்க வர்றாங்க என்றாராம்.

கடைசியில் நான்தான் சனிக்கிழமை லீவு போட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு நம் கோயில் அலுவலகத்துக்குப் போனேன். தாத்தா வளர்ந்த மிஷன் விடுதியின் பழைய பதிவேடுகள் அங்கேதான் பீரோவில் இருக்கின்றன. பாதி கரையான் தின்றது போக மீதியில், 1877 டிசம்பர், ஜான் தார்ன்டன், வயது ஏழு என்று இங்கிலீஷில் இருந்தது. அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கெடச்சிடுச்சிமே, எய்திக்கோ, போலாம் என்று அவசரப்படுத்தினார். திருக்கழுக்குன்றம் பதிவு அலுவலகத்தில் இருபது வருஷமாக நிலங்களுக்கு வில்லங்கம் பார்க்கிறவள் நான், ஒரு பத்திரம் கிடைத்த இடத்தில் புத்தகத்தை மூடிப் பழக்கமில்லை, அதற்கு அப்புறம் என்ன நடந்தது என்று பார்க்காமல் இருக்க முடியாது. பக்கத்தைப் புரட்டினேன். 1878 மார்ச், ஜான் தார்ன்டன், காலராவில் இறந்தான். ஏழு வயதில் செத்த பிள்ளைக்குப் பேரன் எப்படி வந்தான்? ஏப்ரலில் மறுபடி ஜான் தார்ன்டன் சேர்ந்தான் என்று இருக்கிறது, வயது ஐந்து. அவனும் அடுத்த வருஷம் மழைக்காலத்தில் காய்ச்சலில் போனான். 1880 ஜனவரியில் இன்னொரு ஜான் தார்ன்டன், வயது ஆறு. அவர்தான் நம் தாத்தா, அவருக்குக் கல்யாணம் ஆன தேதி வரைக்கும் எழுதியிருக்கிறது. மூன்று பேருக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் பழைய பெயர் இருந்தது. முனுசாமி, ஏழுமலை, கருப்பன். ஆதரிப்பவர் என்ற இடத்தில் மூன்று முறையும் ஒரே பெயர், மிஸ் ஹேரியட் தார்ன்டன், லீட்ஸ்.

போதகர்தான் விளக்கினார். தாது வருஷப் பஞ்சத்தில் அநாதையாக வந்த பிள்ளைகளுக்குச் சீமையிலிருந்து ஒவ்வொருவர் சோற்றுக்கும் படிப்புக்கும் பணம் அனுப்புவார்களாம், அனுப்புகிறவர் சொல்லும் பெயரையே, அவர் குடும்பப் பெயரோடு, பிள்ளைக்கு வைப்பார்களாம். பிள்ளை செத்தால் அந்த இடத்துக்கு வரும் அடுத்த பிள்ளைக்கும் அதே பெயர். துரையும் இல்லை, கால்வாயும் இல்லை.

மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்த அப்பா, இன்னாமே, அந்தப் பசங்க ரெண்டும் பொழைச்சிருந்தா நம்ம தாத்தாவுக்கு எடம் ஏது என்று கேட்டுவிட்டு, பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். கல்லறைத் திருநாளுக்கு எப்போதும் தாத்தாவுக்கு ஒரு மெழுகுவர்த்திதான் வாங்குவார், இந்த வருஷம் மூன்று வாங்கி வந்து வரிசையாக ஏற்றினார்.

உண்மையைச் சொல்கிறேன் சாலமோன், முதல் பக்கத்தை மட்டும் நகல் எடுத்து அனுப்பினால் யாருக்குத் தெரியும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். யாரும் இல்லாத ஊரில் உனக்கு இலை போட்டு உட்கார வைக்க ஒரு வீடு கிடைக்கிறதே என்ற ஆசைதான். ஆனால் உன்னைப் பொய்யோடு ஒரு வீட்டுக்குள் அனுப்ப மனம் வரவில்லை. மூன்று பக்கங்களையும் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், பண்டிகைக்கு முன்பே அந்த அம்மாளிடம் காட்டிவிடு. அதற்குப் பிறகும் அழைத்தால் போ, அழைக்காவிட்டால் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. அவர்கள் நோட்டில் ஹேரியட் என்று ஒருவர் இருக்கிறாரா என்று மட்டும் கேள். ஒரே பிள்ளையை வளர்த்ததாகத்தான் அவர் கடைசிவரை நினைத்திருப்பாரோ என்னவோ. மூன்று பேர் என்று சொல், எழுதுவதாக இருந்தால் மூன்று பேரையும் பழைய பெயரோடு எழுதச் சொல்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். கம்பளிச் சட்டையை அலமாரியில் வைத்து அழகு பார்க்காமல் போட்டுக்கொள், சளியைப் பற்றி மறக்காமல் எழுது. அப்பா தானும் கையெழுத்துப் போட வேண்டும் என்று பேனாவைப் பிடுங்குகிறார்.

அன்பு அம்மா,
காசியம்மாள்

அப்பா,
கருப்பன் பேரன் ஏசுபாதம்