நம்ம தழை பாசாயிருச்சுங்களா?

அண்ணா,

இன்று காலை செய்முறை வகுப்பில் மாணவி ஒருத்தி சிறுகுறிஞ்சான் இலையை மென்று துப்பிவிட்டு, ஒரு கை சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டாள். "ஐயோ மேம், மண்ணத் தின்ன மாதிரி இருக்கு!" என்று அவள் கத்தியதும் ஆளாளுக்கு இலைக்குக் கை நீட்டினார்கள். நான் சிரிக்காமல் நின்றேன். ஆய்வகத்தில் கண்டதை வாயில் வைத்ததற்காகக் கோபம் என்று நினைத்துக்கொண்டார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு இந்த வேடிக்கையைக் காட்டியவர் நீங்கள். கல்லூரிப் பேருந்தில் உங்கள் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் என் இடம். சேலத்தில் ஏறினால் புதுச்சத்திரம் தாண்டிக் கல்லூரி வாசலில் இறங்கும்வரை, மருந்தியல் துறையின் அத்தனை புலம்பலையும் செல்போனில் நான் கொட்டுவதை நீங்கள் கேட்டாக வேண்டும். அன்றைக்கு ஆராய்ச்சிக்கு இலை கிடைக்காத புலம்பல். நாட்டு மருந்துக்கடையில் வாங்கியதில் பாதி வேறு ஏதோ சருகு. போனை வைத்ததும் கண்ணாடியில் என்னைப் பார்த்தீர்கள்.

"ஏனுங் மேடம், சிறுகுறிஞ்சானுக்கா இந்தப் பாடு? நம்மூட்டு வேலி பூராம் அதாங்க படர்ந்து கெடக்குது."

அடுத்த திங்கட்கிழமை பனமரத்துப்பட்டியிலிருந்து இரண்டு சாக்குப்பை நிறையக் கொடி வந்து இறங்கியது. ஓர் இலையைப் பறித்து மெல்லச் சொல்லி, பின்னாலேயே வெல்லக்கட்டியை நீட்டினீர்கள். தித்திப்பே தெரியாமல் நான் விழித்ததைப் பார்த்து உங்களுக்கு அவ்வளவு சிரிப்பு. "எனக்குஞ் சக்கரை இருக்குதுங்க. வெல்லத்தத் தொட்டுப் பல வருசமாச்சு" என்று சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்த மாத்திரை அட்டையில் ஒன்றைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தீர்கள். தினமும் காலையில் வண்டி எடுக்கும்முன் அப்படித்தான் செய்வீர்கள்.

அந்த இலையை நிழலில் உலர்த்தி, அரைத்து, ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாறு இறக்கி, சர்க்கரை நோய் வரவைத்த எலிகளுக்கு அளந்து கொடுத்தோம். மாதக்கணக்கில் நீளுகிற வேலை. நீங்களோ பரீட்சை எழுதிய பிள்ளையின் அப்பா மாதிரி வாரம் தவறாமல் கேட்பீர்கள்: "நம்ம தழை பாசாயிருச்சுங்களா மேடம்?"

இலை கொடுத்த எலிகளுக்குச் சர்க்கரை இறங்கியது உண்மை. முடிவு கையில் கிடைத்த சாயங்காலம், நீங்கள் கேட்கும்முன்பே பேருந்துப் படியில் நின்று சொன்னேன்: "பாஸ் என்னங்கண்ணா, உங்க தழைதான் ஃபர்ஸ்ட் மார்க்!"

சந்தோஷத்தில் சொன்ன வார்த்தை. இத்தனை வருடம் பாடம் நடத்தியும், எலிக்கு இறங்கியது மனிதனுக்கு இறங்காமலே போகலாம், நாங்கள் இறக்கிய சாறும் நீங்கள் வீட்டில் அரைக்கிற சாறும் ஒன்றல்ல என்று இரண்டு வரி சேர்த்துச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. போதாக்குறைக்குக் கையிலிருந்த வரைபடத் தாளையும் உங்களிடமே கொடுத்துவிட்டேன். மேலிருந்து கீழே இறங்கும் ஒரு கோடு, அடியில் என் பெயர்.

மறுநாள் அது பேருந்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போட்டிருந்தீர்கள். ஏறுகிறவர்களிடமெல்லாம் "நம்மூட்டுத் தழைங்க. மேடம் டெஸ்ட் பண்ணுனது" என்றீர்கள். என் ஆராய்ச்சித் தாள்களை உருப்படியாகப் படித்தவர்கள் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியாது. ஒருவர் சாமி படத்தோடு மாட்டிவைத்தால் எப்படி இருக்கும்? எனக்குப் பிடித்திருந்தது. மனசார ரசித்தேன்.

கொஞ்ச நாளில் உங்கள் சட்டைப்பையில் மாத்திரை அட்டையைக் காணோம். ஸ்டியரிங் பக்கத்தில் பச்சைச் சாறு நிறைத்த ஒரு பாட்டில் வந்து உட்கார்ந்தது. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை, கேட்கவும் செய்தேனே.

"மாத்திரை எங்கண்ணா?"

"அது எதுக்குங்க மேடம் இனி? நம்ம தழைதான் பாசாயிருச்சே!"

பின்சீட்டிலிருந்து வேதியியல் சார், "மேடம் மருந்துன்னா சும்மாவா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அண்ணா. இறங்கும்போது தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இறங்கும்போது வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அதற்கப்புறம் நாளைக்கு, நாளைக்கு என்றே மாதங்கள் ஓடிவிட்டன. சொன்னால் அந்தத் தாளைக் கழற்றிவிடுவீர்களே என்ற நினைப்பும் உள்ளே ஒரு மூலையில் இருந்தது. இதை இதுவரை நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

சர்க்கரை ஏறி மரத்துப்போன உங்கள் இடது பாதம் இன்ஜின் சூட்டில் வெந்திருந்தது. "சுட்டதே தெரியலீங்க" என்று சிரித்துக்கொண்டே துணியைச் சுற்றி, கிளட்ச் மிதித்துக்கொண்டிருந்தீர்கள். புண் அழுகி, காய்ச்சலில் விழுந்த பிறகுதான் சேலத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் வருவதற்குள் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள்.

எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் படியேறினேன். கட்டிலோரம் அண்ணி நின்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்களே ஆரம்பித்துவிட்டீர்கள்.

"எம்மேலதாங்க தப்பு மேடம். மத்தியானம் ட்ரிப்பு இருந்தா குடிக்கறது உட்டுப்போயிருமுங்க. எலிகளுக்குன்னா நீங்க கூடவே நின்னு வேளாவேளைக்கு ஊத்தியிருப்பீங்க."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நீங்களே மறுபடி கேட்டீர்கள்.

"அந்த எலிகெல்லாம் இப்ப நல்லா இருக்குதுங்களா?"

"நல்லா இருக்குதுங்கண்ணா" என்றேன்.

"அப்பறம் என்னங்க. தழை மேல குத்தமில்லை." கண்ணை மூடிக்கொண்டீர்கள். நான்காம் நாள் நீங்கள் இல்லை.

அந்த எலிகளில் ஒன்றுகூட அப்போது உயிரோடு இல்லை, அண்ணா. சோதனை முடிந்த அன்றே கொன்று, கணையத்தையும் ஈரலையும் எடுத்துப் பார்ப்பதுதான் முறை. என் கையாலேயே செய்தேன். நீண்ட நாள் குடித்தால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது. அதைத்தான் நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். அதற்குத்தான் "நல்லா இருக்குதுங்கண்ணா" என்று பதில் சொன்னேன்.

பதினாறாம் நாள் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். அண்ணி என் கையைப் பிடித்து உறவுக்காரர்களிடம் கூட்டிப்போனார்கள். "இந்த மேடம் நல்ல மருந்துதானுங்க கண்டுபுடிச்சுக் குடுத்தாங்க. இவருதான் ஒழுங்கா குடிக்காம உட்டுப்போட்டாரு" என்று சொல்லி அழுதார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்கள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, கும்பிட்டு, நான் பஸ் ஏறிவிட்டேன்.

நீங்கள் எந்த வேளையும் விட்டிருக்க மாட்டீர்கள். விட்டிருந்தாலும் கால் போனது அதனால் இல்லை. மாத்திரையை நிறுத்தியதால் போனது. என் வாய்வார்த்தையை நம்பி நிறுத்தினீர்கள். இதை உங்கள் வீட்டில் போய்ச் சொல்ல வேண்டியவள் நான் ஒருத்திதான். சொல்லாதவரைக்கும் அந்த வீட்டில் குற்றவாளி நீங்கள்தான், அண்ணா. நான் இன்னும் போகவில்லை.