நாலாவது கண்ணாடி

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். நீ நலமா என்று கேட்டால் "ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன்" என்று எழுதிவிடுவாய். அதனால் கேட்கவில்லை. நலமாக இரு, அவ்வளவுதான்.

மறுபடியும் கண்தான். சிரிக்காதே. நீ அனுப்பிய மூன்றாவது கண்ணாடி வந்த புதிதில் எழுத்தெல்லாம் குளித்துத் தலை துவட்டி வந்து நின்றதுபோல இருந்தது. இப்போது சாயங்காலமானால் வரிகளின் ஓரம் கரைகிறது. போன வாரம் ஒரு பாடப்புத்தகத்தின் மெய்ப்பில் ஒரே வரி இரண்டு முறை அச்சாகியிருந்ததை நான் பார்க்கவேயில்லை. பக்கத்து மேஜைக்காரர்தான் கண்டுபிடித்தார். பதிப்பாசிரியர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கிறாரே என்பதுதான் பயம். பிழை பார்க்கிறவளுக்குக் கண் போனால் அந்த நாற்காலி யாருக்கு?

இவரிடம் சொன்னேன். "முன்னே வயிறு, அப்புறம் நெஞ்சு, இப்ப ரெண்டு வருஷமா கண்ணா? கீழேருந்து மேலே ஏறிக்கிட்டே வர்றியே. அடுத்தது தலைதான். அங்க ஏற்கெனவே கோளாறு" என்றார். சொல்லிவிட்டு, நான் பார்க்காத நேரமாகப் பார்த்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் பார்க்க வேண்டும்?

தினமும் காலையில் ஜன்னலில் நின்று எதிர்க் கட்டிடத்தின் பெயர்ப்பலகையை இடது கண்ணால் ஒரு தரம், வலது கண்ணால் ஒரு தரம் வாசித்துக்கொண்டிருந்தேன். மனப்பாடமான பலகையை வாசித்து என்ன தெரியும்? அதனால் கீழே நிற்கும் வண்டிகளின் நம்பருக்கு மாறிவிட்டேன். அவை தினமும் மாறும், ஏமாற்றாது.

டாக்டரிடம் போகச் சொல்லாதே. போனால் எதையாவது சொல்லிவிடுவார். என் கண் உனக்குத் தெரியும். வழக்கம்போல நீயே பார்த்து ஒரு கண்ணாடி போட்டு அனுப்பு. போனில் பேசினால் 'ம்', 'ம்' என்று முடித்துவிடுவாய், கடிதமே எழுது.

அப்பாவுக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது?

உன்
எலி


பிப்ரவரி 15

என் புத்தக எலிக்கு,

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நீ இருட்டுக்குக்கூடக் காத்திருக்க மாட்டாய், பட்டப்பகலிலேயே பேயை வரவழைப்பாய். அப்பாவுக்கு வந்தது வேறு. உனக்கு ஒண்ணுமில்லை.

நாலாவது கண்ணாடி இதோடு வருகிறது. கால் பவர் கூட்டியிருக்கிறேன். எவ்வளவு என்று எழுதிய சீட்டு எப்போதும்போலப் பெட்டிக்குள் இருக்கிறது. ஃபிரேம் தவிட்டு நிறம். உன் மூக்குக்கு எடுப்பாக இருக்கும். மூக்கு நம் அம்மாவுடையது, குற்றம் என்னுடையதல்ல.

கடையில் ஒரு கூத்து. புதுக் கண்ணாடி வாங்கிப்போன ஒரு பெரிய மனிதர் அடுத்த நாளே திரும்ப வந்து, "என்னம்மா, பனிமூட்டமா இருக்கு, காசைத் திருப்பிக் குடுங்க" என்று சத்தம் போட்டார். வாங்கிப் பார்த்தால் லென்ஸில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரிக்காமலே மாட்டியிருக்கிறார். உரித்துக் கொடுத்தேன். "இப்ப பவர் மாத்திட்டீங்களா?" என்றார். "மாத்திட்டேன் சார்" என்றேன். சந்தோஷமாகப் போனார்.

முதலாளி ஒருவழியாக மனம் இரங்கி, லென்ஸ் வெட்டுவதற்குப் புது மெஷின் வாங்கியிருக்கிறார். லென்ஸின் மையம் கண்ணுக்கு நேரே வரும்படி பார்த்துப் புள்ளி வைப்பது மட்டும் இன்னும் என் கைதான். பின்னறையில் வெளிச்சம் போதவில்லை என்று சண்டை போட்டு இன்னொரு விளக்கும் மாட்டவைத்தேன். "ஏம்மா, இத்தனை வருஷம் இந்த வெளிச்சத்துலதானே வேலை பாத்தே?" என்று முனகினார். கரண்ட் பில் அவருக்குப் பிள்ளை மாதிரி.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். எழுத்து கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டு.

அன்புடன்
அக்கா


மார்ச் 3

அக்காவுக்கு,

கண்ணாடி வந்தது. மாட்டியதும் எல்லாம் துலங்கும் என்று காத்திருந்தேன். இதுவரை வந்த எல்லாக் கண்ணாடியும் அப்படித்தான் செய்தன. இது செய்யவில்லை.

படி இறங்கும்போது கடைசிப் படி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. தரை வலது பக்கமாகச் சரிகிறது. கண்ணுக்குப் பின்னால் யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல வலி. மெய்ப்பில் ஒரு வரி சில சமயம் இரண்டாகிறது. முன்பு இரண்டாக அச்சானதைப் பார்க்காமல் விட்டேன், இப்போது ஒன்றாக அச்சானதை இரண்டாகப் பார்க்கிறேன். ஆசிரியர் என் மேஜைப் பக்கம் இரண்டு தடவை வந்து மெய்ப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பயத்தையும் மீறி டாக்டரிடம் போனேன். நாலு கண்ணாடிப் பெட்டிகளையும் எடுத்துப்போனேன். அந்த அம்மா கண்ணாடிகளைத் தொடவேயில்லை. உள்ளே இருந்த சீட்டுகளை மட்டும் வரிசையாக வைத்துப் பார்த்தார். பிறகு என் கண்ணை அளந்தார். அளந்துவிட்டு மறுபடியும் சீட்டுகளைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இதுப்படி ரெண்டு வருஷமா ஏறிக்கிட்டே வந்திருக்கு. இன்னைக்கு அளந்தா ஆரம்பிச்ச இடத்துலயே நிக்குது. ஏறின பவர் இப்படி இறங்காதேம்மா. உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?"

"இல்லைன்னுதான் நினைக்கிறேன்."

"வீட்ல யாருக்காவது கண்ல பிரச்சினை?"

அப்பாவைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை இல்லை. "இல்லாட்டி ஏன் ஏறி இறங்குது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, தலைக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார். கடைசியில் இவருடைய ஜோசியம் பலித்துவிட்டது, தலைக்கே வந்துவிட்டேன்.

இன்னொன்று. முந்தாநாள் நான் குளித்துவிட்டு வரும்போது இவர் போனில் "அவகிட்ட சொல்லலை அக்கா" என்றார். என்னைக் கண்டதும், "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். என்னிடம் எதைச் சொல்லவில்லை?

எலி


மார்ச் 9

எலிக்கு,

ஸ்கேன் எடுக்காதே. ஒண்ணுமில்லை.

அந்தச் சீட்டுகளை ஏன் கொண்டுபோய்க் காட்டினாய்? கடையில் அவசரத்தில் கிறுக்குவது. அதைப் பார்த்தா ஒரு டாக்டர் முடிவு பண்ணுவார்? நாலாவது கண்ணாடியைக் கழற்றி எனக்குத் திருப்பி அனுப்பு. மூன்றாவதையே போட்டுக்கொள். வலி தானாகப் போய்விடும்.

மாப்பிள்ளை உன் நினைப்பாகத்தான் கூப்பிட்டார். நீ தூங்குவதில்லை என்றார், வேறொன்றும் இல்லை. நல்ல மனிதரைச் சந்தேகப்படாதே.

அக்கா


மார்ச் 16

அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஒரு மெய்ப்பைப்போலப் படித்தேன். வரிக்கு வரி. ஸ்கேன் வேண்டாம் என்கிறாய், ஏன் என்று சொல்லவில்லை. வலி போய்விடும் என்கிறாய், எப்படித் தெரியும் என்று சொல்லவில்லை. சீட்டைக் காட்டியதற்குக் கோபப்படுகிறாய்.

இந்தக் குரல் எனக்குத் தெரியும். விடுதிக்கு எழுதினாயே: "அப்பாவுக்குக் கண்ணில் தூசி விழுந்திருக்கிறது, ஒண்ணுமில்லை, நீ பரீட்சையைப் பார்." பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்தேன். அப்பா கம்பிக் கதவைத் திறக்கத் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டிருந்தார். "யாரு, பெரியவளா?" என்றார். எதிரே நின்றது நான். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அக்கா இந்த வியாதி. யார் ஒண்ணுமில்லை என்றாலும் எனக்கு ஏதோ இருக்கிறது என்றே காதில் விழுகிறது.

அதனால் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒவ்வொன்றாக மெஷினில் வைத்துப் பார்த்தார்.

"நாலும் ஒரே பவர்தாம்மா. ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணுன்னு வாங்கி வச்சீங்களா?"

"நல்லாப் பாருங்க. ஒவ்வொண்ணும் கூட்டிப் போட்டது."

"ஃபிரேமைத்தான் மாத்தியிருக்காங்க. ஆனா இந்தத் தவிட்டுக் கலர் இருக்கே, இதைப் போட்டுக்கிட்டு எப்படி நடந்தீங்க? வலது லென்ஸோட மையம் எங்கேயோ ஓரத்துல, கீழே கிடக்கு. புள்ளி வச்சவங்க தூங்கிட்டாங்களா?"

நாலு பெட்டிகளையும் ஒவ்வொன்றாக மூடிப் பையில் போட்டேன்.

ஸ்டிக்கரை உரித்துவிட்டுப் பவர் மாற்றிவிட்டேன் என்று யாரோ ஒரு பெரிய மனிதரிடம் சொன்னதை எவ்வளவு ரசித்து எழுதினாய்! அந்தப் பெரிய மனிதர் நான்தான். ஒவ்வொரு தடவையும் "இப்போது நன்றாகத் தெரிகிறது அக்கா" என்று நான் எழுதும்போது நீயும் இவரும் சேர்ந்து சிரித்தீர்களா? இவரிடம் கேட்டுவிட்டேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நாலாவதில் ஏன் மையத்தை மாற்றினாய்? அதுவும் வைத்தியமா? கொஞ்சம் வலி கொடுத்தால் இவள் அடங்குவாள் என்றா?

உன் பொய்யைப் பார்த்து அந்த டாக்டர் என் தலைக்குள் எதையோ தேடப் புறப்பட்டிருக்கிறார்.

(கையெழுத்துப் போட மனமில்லை)


மார்ச் 24

எலிக்குட்டிக்கு,

சிரிக்கவில்லை. ஒருநாளும் சிரிக்கவில்லை.

முதல் கண்ணாடி சரியான கண்ணாடி. எங்கள் கடையில் உட்காரவைத்து அளந்து போட்டது. ஆறு மாதத்தில் மங்குகிறது என்று எழுதினாய். விடுமுறையில் நீ இங்கே வந்தபோது அளந்து பார்த்தேன், மாறவேயில்லை. மாறவில்லை என்று சொன்னால் நம்புவாயா? இரவெல்லாம் உட்கார்ந்து வேறு வியாதி தேடுவாய். புது ஃபிரேமில் அதே பவரைப் போட்டு, சீட்டில் கூட்டி எழுதினேன். "உலகமே துலங்குகிறது" என்று பதில் போட்டாய். அந்த ஒரு வரிக்காக அடுத்ததையும் செய்தேன். நிறுத்தும் வழி எனக்குத் தெரியவில்லை. தப்புத்தான். ஆனால் அந்த மாதங்களில் நீ தூங்கினாய், அதையும் கணக்கில் சேர்.

நாளைக்கே அந்த டாக்டரிடம் போய், சீட்டெல்லாம் பொய், எழுதியவள் என் அக்கா என்று சொல். என்னைத் திட்டட்டும்.

நாலாவதில் நடந்தது வேண்டுமென்று செய்ததல்ல. உனக்கு வலி கொடுப்பேனா நான்? மெஷின் பழசு, அதில் நகர்ந்திருக்கும். எனக்கு ஒண்ணுமில்லை.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

டாக்டரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார், பிறகு கோபப்பட்டார், பிறகு ஸ்கேன் சீட்டை வாங்கிக் கிழித்தார். எனக்கு இருப்பது கண் வறட்சி. "படிக்கும்போது கண் சிமிட்டவே மாட்டேங்கறீங்க. பிழை ஓடிப்போயிடும்னு பயமா?" என்றார். சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். மூன்றாவது கண்ணாடிக்கு மாறியதும் தரை தன் இடத்துக்கு வந்துவிட்டது. ஆக, இந்தத் தடவை எனக்கு உண்மையாகவே வலித்தது. நான் கற்பனை செய்யவில்லை.

உன்மேல் கோபம் தீரவில்லை. இன்னும் எத்தனை பொய் இருக்கிறது பார்க்கலாம் என்று உன் கடிதங்களையெல்லாம் மேஜைமேல் பரப்பினேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதானே.

மெஷின் பழசு என்கிறாய். பிப்ரவரியில் புது மெஷின் என்று எழுதியிருக்கிறாய். புள்ளி வைப்பது உன் கைதான் என்றும் எழுதியிருக்கிறாய். பின்னறையில் வெளிச்சம் போதவில்லை என்று சண்டை போட்டிருக்கிறாய். இத்தனை வருடம் போதுமானதாக இருந்த வெளிச்சம் இந்த வருடம் ஏன் போதவில்லை? உன் முதலாளி சரியான கேள்விதான் கேட்டிருக்கிறார்.

பிறகு வார்த்தைகளைப் படிப்பதை விட்டுவிட்டு, எழுத்துகளை வெறும் வடிவமாகப் பார்த்தேன். போன வருடத்துக் கடிதத்தில் உன் எழுத்து எறும்பு வரிசை. பிப்ரவரியில் அது வண்டு. கடைசிக் கடிதத்தில் வரிகள் வலது பக்கமாக இறங்குகின்றன, ஓரிடத்தில் ஒரு வரியின் மேலேயே அடுத்த வரியை எழுதியிருக்கிறாய். அப்பா கையெழுத்துப் போட்ட கடைசிக் காகிதங்கள் எப்படி இருந்தன என்று எனக்கு நினைவிருக்கிறது.

இரண்டு வருடமாக என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பக்கம் பார்க்கவில்லை.

இது என் வழக்கமான பேயாக இருந்தால் சிரித்துவிடு, எனக்குச் சந்தோஷம். ஆனால் ஒண்ணுமில்லை என்று மட்டும் எழுதாதே. அப்படி எழுதினால் இனி உன் கடிதத்தைப் பிரிக்க மாட்டேன். சத்தியமாக.

எலி


ஏப்ரல் 11

எலி,

ஒண்ணுமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வரி நேராக வரவில்லை.

இடது கண். நடுவில் புகை பிடித்ததுபோல. வலதும் இப்போது அப்படி ஆரம்பிக்கிறது. உன் லென்ஸில் புள்ளி வைக்கும்போது எனக்கு இரண்டு புள்ளி தெரிந்தது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அது தப்பான புள்ளி.

முதலாளிக்குத் தெரியாது. மாப்பிள்ளைக்கும் இது தெரியாது. டாக்டரிடம் போகவில்லை. அப்பாவுக்கு என்ன சொன்னார்கள் என்று கூட இருந்து கேட்டவள் நான். அதனால் எனக்கும் அதையே சொல்லிவிடுவார்களோ என்று பயம். உன்னைக் கேலி பண்ணினேனே, உன்னைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி நான்தான்.

அடுத்த சனிக்கிழமை போகலாம் என்று இருக்கிறேன். தனியாகப் போக மாட்டேன். வா.

மூன்றாவது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வா. ஆஸ்பத்திரியில் படிக்கட்டு உண்டு. நம் இரண்டு பேரில் ஒருத்திக்காவது கடைசிப் படி தெரிய வேண்டும்.

அக்கா